லீஸ், ஒத்தி, ஜாமீன்: விக்சனரியில் சட்டச் சொற்களையும் பணச் சொற்களையும் சரியாக எழுதுவது எப்படி?

"அடமானம்" என்று ஒரு பக்கம் திறந்து "அடகு" என்று பொருள் எழுதிவிட்டு, "அடகு" பக்கத்தில் "அடமானம்" என்று எழுதிவிட்டுப் போக இரண்டு நிமிடம் போதும். விக்சனரி மாதிரி எல்லாரும் சேர்ந்து எழுதும் அகராதிகளில் இப்படிப்பட்ட பதிவுகளுக்குக் குறைவில்லை. பூவுக்கும் பறவைக்கும் இப்படி எழுதினால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் சட்டச் சொல்லையோ பணச் சொல்லையோ தேடி வருகிறவர் பெரும்பாலும் கையில் ஒரு காகிதத்தோடு வருகிறார்: வக்கீல் நோட்டீஸ், வங்கி நீட்டிய கடன் ஒப்பந்தம், அண்ணன் தம்பிக்குள் நடக்கும் பாகப்பிரிவினைப் பத்திரம். அவருக்கு இணைச்சொல் தேவையில்லை, அந்தக் காகிதத்தில் அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று தெரியவேண்டும்.

அதனால் இந்த வகைச் சொற்களுக்கு எழுதும்போது மூன்று கேள்விகளை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சட்டத்தில்? எந்த நாட்டில்? எந்தக் காலத்தில்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத வரையறை, எவ்வளவு அழகான தமிழில் இருந்தாலும் பாதி வரையறைதான். கீழே உள்ள உதாரணங்கள் பெரும்பாலும் இந்தியச் சட்டத்திலிருந்து வருகின்றன, இலங்கைக்கு நடுவில் தனியாக வருகிறேன்.

1. முதலில் ஜனங்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று பாருங்கள்

சட்டப் புத்தகத்தைத் திறக்கும் முன் இதைச் செய்யவேண்டும், ஏனென்றால் தேடுகிறவர் புழக்கத்தில் உள்ள சொல்லைத்தான் தட்டச்சு செய்வார். "லீஸ்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சென்னையில் "லீஸுக்கு வீடு கிடைக்குமா?" என்று ஒருவர் கேட்டால், ஒரு பெரிய தொகையை, சொல்லப்போனால் எட்டு லட்சமோ பத்து லட்சமோ, வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் குடியிருந்து, காலி செய்யும்போது அதே தொகையை வட்டியில்லாமல் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைத்தான் கேட்கிறார். இதையே சில இடங்களில் போக்கியம் என்பார்கள், தெற்கே ஒத்தி என்பார்கள்.

இப்போது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தைத் திறந்தால், 105-ஆம் பிரிவு சொல்லும் லீஸ் வேறு. அசையாச் சொத்தை அனுபவிக்கும் உரிமையை, குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ, ஒரு விலைக்கோ அல்லது தவணை தவணையாகத் தரும் பணத்துக்கோ விளைச்சல் பங்குக்கோ மாற்றித் தருவது. கொடுத்த பணம் முழுசாகத் திரும்பி வரும் என்ற பேச்சே அதில் கிடையாது. சென்னை "லீஸ்" உண்மையில் அதே சட்டத்தின் 58-ஆம் பிரிவில் வரும் அனுபவ அடமானத்துக்குத்தான் நெருக்கம்: கடன் கொடுத்தவர் சொத்தைத் தன் வசம் வைத்துக்கொண்டு, வட்டிக்குப் பதிலாக அதன் பலனை அனுபவிப்பார், பணம் திரும்பியதும் சொத்தைத் திருப்பிவிடுவார்.

இது சும்மா வார்த்தை விளையாட்டு கிடையாது. சட்டம் சொல்லும் லீஸ், அதாவது குத்தகை என்றால் 107-ஆம் பிரிவின்படி ஒரு வருடத்துக்கு மேற்பட்டதைப் பதிவு செய்யவேண்டும். அடமானம் என்றால் 59-ஆம் பிரிவு வரும், அதாவது நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கடனுக்கு, ஆவணங்களை ஒப்படைத்து வைக்கும் வகையைத் தவிர்த்து, பதிவும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். முத்திரைத்தாளில் "லீஸ் அக்ரிமென்ட்" என்று தலைப்புப் போட்டு எழுதி வைத்திருக்கிறவர் எதில் வருகிறார் என்பதைத் தலைப்பை மட்டும் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யாது, உள்ளே எழுதியிருப்பதைப் பார்க்கும்.

ஆகவே "லீஸ்" பக்கத்தில் இரண்டு பொருள் வரவேண்டும். ஒன்று, பேச்சு வழக்கு, தமிழ்நாடு என்ற குறிப்போடு. இன்னொன்று, இந்தியச் சட்டம் என்ற குறிப்போடு. முதலாவதைத் "தவறான வழக்கு" என்று எழுதாதீர்கள். ஜனங்கள் சொல்வதைப் பதிவதுதான் அகராதியின் வேலை, திருத்துவதல்ல. ஆனால் இரண்டையும் கலந்து ஒரே வரியில் எழுதினால் யாருக்கும் உதவாது.

2. சட்டத்தின் சொந்த வரையறையைத் தேடிப் பிடியுங்கள்

பெரும்பாலான இந்தியச் சட்டங்களில் 2-ஆம் அல்லது 3-ஆம் பிரிவு வரையறைகளுக்கானது. மத்திய அரசின் இந்தியா கோட் தளத்தில் நடப்பில் உள்ள சட்டங்களின் வாசகம் இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் பாருங்கள். வலைப்பதிவையோ யூடியூப் வீடியோவையோ ஆதாரமாகக் காட்டவேண்டாம்.

வரையறையைப் படிக்கும்போது ஒரு வினைச்சொல்லை உற்றுப் பாருங்கள். "என்று பொருள்படும்" என்று சொன்னால் அங்கே கதவு மூடிவிட்டது, அதற்குள் வருவதுதான் பொருள். "உள்ளடக்கும்" என்று சொன்னால் சொல்லின் வழக்கமான பொருளும் இருக்கிறது, கூடவே இவையும் சேரும் என்று அர்த்தம். இந்த இரண்டையும் "ஆகும்" என்று ஒரே மாதிரி மொழிபெயர்த்துவிடுகிறவர்கள்தான் அதிகம், அதில் சட்டமே மாறிப்போகிறது.

அப்புறம், ஒரு சட்டத்தின் வரையறை அந்தச் சட்டத்துக்கு மட்டும்தான் செல்லும். "குழந்தை" என்ற சொல்லைப் பாருங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டத்தில் 18 வயது நிரம்பாத எவரும் குழந்தை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 14. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 6 முதல் 14. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் பெண் என்றால் 18, ஆண் என்றால் 21. அதாவது 20 வயது இளைஞன் ஓட்டுப் போடலாம், சொத்து விற்கலாம், ஆனால் அந்த ஒரு சட்டத்துக்கு அவன் இன்னும் குழந்தைதான். "சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவர்" என்று ஒரே வரியில் முடித்தால் இதெல்லாம் காணாமல் போய்விடும். எல்லாச் சட்டத்தையும் அடுக்கச் சொல்லவில்லை. "வயது வரம்பு சட்டத்துக்குச் சட்டம் மாறும்" என்று சொல்லிவிட்டு இரண்டு உதாரணம் கொடுத்தால் போதும்.

சட்டத்தில் வரையறையே இல்லாத சொல் என்றால் 1897-ஆம் ஆண்டின் பொது வாசகச் சட்டத்தைப் பாருங்கள். "நிதியாண்டு" ஏப்ரல் 1-இல் தொடங்கும், "நபர்" என்பதில் கம்பெனியும் சேரும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

3. பொருள்களைப் பிரித்து எண் போடுங்கள்

தமிழில் சட்டச் சொற்கள் நாலைந்து வழியாக வந்தவை. ஜாமீன், ஜப்தி, வாய்தா, தாவா எல்லாம் பாரசீக, அரபு வழி. கூடவே வடமொழி, ஆங்கிலம், அதற்கு மேல் அரசு ஆக்கிய புதுச்சொற்கள். இதனால் ஒரே சொல் பல வேலை செய்கிறது.

"பத்திரம்" நல்ல உதாரணம். "பத்திரம் முடிச்சாச்சு" என்றால் கிரய ஆவணம். "தங்கப் பத்திரம்" என்றால் அரசு வெளியிட்ட முதலீட்டுக் கடன் ஆவணம். "ஒரு 100 ரூபாய் பத்திரம் வாங்கிட்டு வா" என்றால் முத்திரைத்தாள். மூன்றுக்கும் தனித்தனி எண், தனித்தனித் துறைக் குறிப்பு, தனித்தனி எடுத்துக்காட்டு, தனித்தனி ஆங்கில நிகர்ச்சொல். நிகர்ச்சொற்களை எல்லாம் கடைசியில் ஒரே மூட்டையாகக் கட்டிப் போட்டுவிட்டு எது எதற்கு என்று சொல்லாமல் விடுவதுதான் விக்சனரியில் நான் அடிக்கடி திருத்தும் குறை. உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் மொழி ஆங்கிலம், மத்தியச் சட்டங்களுக்கு அதிகாரபூர்வ வாசகமும் அதிலேயே இருக்கிறது. அதனால் படிக்கிறவர் அடுத்துப் போய்த் தேடவேண்டிய சொல் அந்த நிகர்ச்சொல்தான், அதில் கோட்டை விடாதீர்கள்.

4. வரையறை வாக்கியத்தைக் கட்டுங்கள்

சூத்திரம் எளிது. முதலில் அது எந்த வகை என்று சொல்லுங்கள்: ஒப்பந்தமா, ஆவணமா, உரிமையா, நீதிமன்ற உத்தரவா, கட்டணமா? அப்புறம் யார், யாருக்கு, எதை, எந்த நிபந்தனையில் என்று சொல்லுங்கள். அப்புறம் பக்கத்து வீட்டுச் சொல்லிலிருந்து எது அதைப் பிரிக்கிறது என்று பாருங்கள்.

அடமானத்துக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். "கடனுக்கு ஈடாகப் பொருளை வைத்தல்" என்று எழுதினால் நகையும் வீடும் ஒன்றாகிவிடும். பேச்சில் "நகையை அடமானம் வச்சேன்" என்கிறோம், சரி. சட்டத்தில் அப்படி இல்லை. நகையை வைப்பது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 172-ஆம் பிரிவில் வரும் அடகு: பொருளே கடன் கொடுத்தவர் கைக்குப் போகவேண்டும். வீட்டை வைப்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு, அங்கே மாறுவது சொத்தின் மீதான ஓர் உரிமை. வீட்டுக்கடன் வாங்கியவர் அதே வீட்டில்தானே குடியிருக்கிறார்! ஆக, நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

*அடமானம் (சட்டம், இந்தியா): கடனைத் திருப்பிச் செலுத்துவதற்கோ, பணப் பொறுப்பை உண்டாக்கக்கூடிய ஒரு கடமையை நிறைவேற்றுவதற்கோ உத்தரவாதமாக, குறிப்பிட்ட அசையாச் சொத்தின் மீதுள்ள ஓர் உரிமையைக் கடன் தருபவருக்கு மாற்றித் தருதல். (பேச்சு வழக்கில் நகை போன்ற அசையும் பொருளுக்கும் வழங்கும், சட்டத்தில் அது அடகு.)*

இதில் என்ன விட்டிருக்கிறேன் என்றும் பாருங்கள். அடமானம் ஆறு வகை, முத்திரைக் கட்டணம் எவ்வளவு, கடன் கட்டாவிட்டால் வங்கி என்ன செய்யும், எதுவும் இல்லை. அதெல்லாம் விக்கிப்பீடியாவுக்குப் போகவேண்டியவை. வகைகளுக்குத் தனிப் பக்கம் திறந்து இணைப்புக் கொடுத்தால் ஆயிற்று.

சில சொற்களுக்கு மட்டும் வரையறைக்குக் கீழே ஒரு வரி விளக்கம் கட்டாயம் தேவைப்படும். "ஜாமீன்" அப்படி ஒன்று. கைதானவரை விடுவிக்கும் ஜாமீன் ஒன்று. நண்பனின் கடனுக்குப் போடும் ஜாமீன் கையெழுத்து இன்னொன்று. இரண்டாவதை "கடன் வாங்கியவர் தவறினால் அந்தக் கடனைத் தான் தீர்ப்பதாகக் கடன் கொடுத்தவரிடம் ஒருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம்" என்று எழுதினால் வரையறை சரிதான். ஆனால் படிக்கிறவர், முதலில் கடன் வாங்கியவன் சொத்தை எல்லாம் ஜப்தி செய்து பார்த்துவிட்டு அப்புறம்தான் தன்னிடம் வருவார்கள் என்று நினைத்துக்கொள்வார். ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். தவணை தவறியதும் நேராக இவர் வாசலுக்கே வரலாம். இந்த ஒரு வரி அகராதியில் இருந்தால் எத்தனையோ பேர் கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிடம் யோசிப்பார்கள்.

5. பணச் சொற்களில் எண்ணைக் கவனியுங்கள்

"ஒரு பைசா வட்டி" என்றால் எவ்வளவு? ரூபாய்க்கு மாதம் ஒரு பைசா. "ஒரு ரூபாய் வட்டி" என்றால்? நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய். இரண்டும் ஒன்றேதான், வருடத்துக்கு 12 சதவீதம். ஆனால் வெளியூர்க்காரரோ, இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த பையனோ "ரெண்டு வட்டி" என்று கேட்டால் 2 சதவீதம், வங்கியைவிட மலிவு என்று நினைத்துக்கொள்ள இடமிருக்கிறது. அது வருடத்துக்கு 24 சதவீதம். வட்டி சம்பந்தமான எந்தச் சொல்லிலும் எதன் மேல், எத்தனை காலத்துக்கு என்ற இரண்டும் வரையறையிலேயே இருக்கவேண்டும்.

நிலையான வட்டி (முதலில் வாங்கிய முழு அசலுக்கும் கடைசிவரை போடுவது), குறையும் நிலுவை வட்டி (கட்டியது போக மீதிக்கு மட்டும் போடுவது) என்ற ஜோடிக்கும் இதேதான். ஒரு லட்சம் ரூபாயை 12 சதவீத நிலையான வட்டியில் வாங்கி 12 மாதத் தவணையில் கட்டினால், மாதம் சுமார் 9,333 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு லட்சத்துக்கும் போடப்படுவதால், குறையும் நிலுவைக் கணக்கில் அது ஏறக்குறைய 21.5 சதவீதம். எடுத்துக்காட்டுப் பகுதியில் இந்தக் கணக்கைப் போடுங்கள், நாலு வரி விளக்கத்தைவிட அது தெளிவு.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் வெறும் கொச்சை என்று ஒதுக்காதீர்கள். தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம், 2003 இந்தச் சொற்களை அப்படியே பெயர் சொல்லி வரையறுக்கிறது. தெருச் சொல் நேராகச் சட்டத்துக்குள் நுழைந்த அபூர்வமான இடம் இது, ஆக இங்கே பேச்சுப் பொருள், சட்டப் பொருள் என்று இரண்டுமே வரும். தண்டலுக்கு எடுத்துக்காட்டு சொல்லவேண்டும் என்றால், பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுத்து, தினம் 100 ரூபாயாக 100 நாள் வசூலிப்பது.

மாறக்கூடிய எண்ணை மட்டும் வரையறைக்குள் புதைக்காதீர்கள். வங்கி வைப்புக்கான காப்பீட்டு வரம்பு ஒரு லட்சமாக இருந்து 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சம் ஆனது. "ஒரு லட்சம் வரை திரும்பக் கிடைக்கும் காப்பீடு" என்று எழுதிவைத்த பதிவு அன்றைக்கே பொய்யாகிவிட்டது. "சட்டம் குறிக்கும் வரம்பு வரை" என்று எழுதிவிட்டு, வேண்டுமென்றால் விளக்கத்தில் தேதியோடு தொகையைச் சொல்லுங்கள்.

"ஐ.பி. கொடுத்துட்டான்", "மஞ்சள் நோட்டீஸ் விட்டுட்டான்" என்பவற்றுக்கும் பக்கம் வேண்டும், தாராளமாகத் திறங்கள். பேச்சில் அது "கடன் கட்டமுடியாது என்று கையை விரித்துவிட்டான்" என்று பொருள். ஐ.பி. என்பது இன்சால்வென்சி பெட்டிஷன், அதாவது நொடிப்பு மனு. சட்டத்தில் அந்த மனுவைக் கொடுப்பது வேறு, நீதிமன்றம் ஒருவரை நொடித்தவர் என்று அறிவிப்பது வேறு. மனு போட்ட அன்றே கடன் தீர்ந்தது என்ற தொனி வராமல் எழுதவேண்டும்.

6. இலங்கைத் தமிழை ஒட்டுப்போடாதீர்கள்

"வழக்கறிஞர்" பக்கத்தில் "சட்டத்தரணி" என்று ஓர் இணைச்சொல்லைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று போகிறவர்கள் உண்டு. அந்தச் சொல்லுக்கு அது போதும். விளக்கமறியல், நீதவான், நொத்தாரிசு ஆகியவற்றுக்கும் இலங்கை என்ற குறிப்போடு எழுதி, தமிழ்நாட்டு வழக்கான ரிமாண்ட், மாஜிஸ்திரேட், நோட்டரிக்கு இணைப்புக் கொடுத்தால் போதும். தமிழ்நாட்டார் "பத்திரம்" என்பதை அங்கே "உறுதி" என்பார்கள், அங்கே "பத்திரம்" என்றால் அனுமதிப்பத்திரம், விண்ணப்பப் பத்திரம் என்று வேறு பக்கம் போகும். இதுவரை சுலபம்.

சட்டமே வேறாக இருக்கும் இடத்தில்தான் சிக்கல். யாழ்ப்பாணத் தமிழர்களின் வழக்காறுகளை டச்சுக்காரர்கள் 1707-இல் தொகுத்தார்கள், ஆங்கிலேயர் 1806-இல் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். அதுதான் தேசவழமை, இன்றும் நடப்பில் இருக்கிறது. அதில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து மூன்று வகை. முதுசம் பரம்பரையாக வந்தது. தேடியதேட்டம், பொதுவாகச் சொன்னால், திருமண வாழ்க்கையில் சம்பாதித்தது, அதன் எல்லையை 1911-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் 1947-ஆம் ஆண்டின் திருத்தமும் மாற்றியிருக்கின்றன. சீதனம் திருமணத்தின்போது பெண்ணுக்கு எழுதிக் கொடுப்பது, சட்டம் ஏற்றுக்கொண்ட, அவளுக்கு உரிய சொத்து. இந்தியாவில் 1961-ஆம் ஆண்டிலிருந்து வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். "சீதனம் = வரதட்சணை" என்று ஒரே வரியில் எழுதினால், யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்ணின் சொத்துரிமையைக் குற்றப் பட்டியலில் சேர்த்துவிட்டோம் என்று அர்த்தம். பேச்சில் இரண்டும் ஒன்றாகப் புழங்குவது உண்மை, அது தனிப் பொருளாக வரட்டும்.

7. தேதி போடுங்கள், பழையதை அழிக்காதீர்கள்

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றுக்கும் பதில் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்துவிட்டன. பிரிவு எண்களைக் கண்டபடி மாற்றிவிட்டார்கள், அதில் சில பொறிகளும் உண்டு. பழைய நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் வழக்கை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போகும் பிரிவு. புதியதில் 482 என்றால் முன்ஜாமீன். பழைய முன்ஜாமீன் 438, பழைய 482 இப்போது 528. "482" என்று சட்டத்தின் பெயர் இல்லாமல் எழுதிய குறிப்பு இன்று ஆளைக் குழப்பத்தான் உதவும். பிரிவு எண் எழுதினால் சட்டத்தின் பெயரும் ஆண்டும் சேர்ந்தே வரவேண்டும்.

அதே சமயம், பழைய எண்ணைத் துடைத்துவிட்டுப் புதியதை எழுதுவதும் தப்பு. 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான், அந்த வழக்குகள் இன்னும் பல வருடம் ஓடும். "அவன் ஒரு ஃபோர்ட்வென்டி" என்ற வசவு இருக்கிறதே, அது இன்னும் நீண்ட காலம் இருக்கும், மோசடிக்கான பிரிவு 420-இலிருந்து 318 ஆகிவிட்டது என்பதற்காக யாரும் மாற்றித் திட்டப்போவதில்லை. வருமான வரியிலும் இப்படித்தான்: புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் "முந்தைய ஆண்டு" (வருமானம் வந்த ஆண்டு), "மதிப்பீட்டு ஆண்டு" (அதற்கு வரி கணக்கிடும் ஆண்டு) என்ற இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டு "வரி ஆண்டு" என்ற ஒன்றைக் கொண்டுவருகிறது. பழைய இரண்டு பக்கங்களும் இருக்கட்டும், "1961-ஆம் ஆண்டின் சட்டத்தில்" என்ற குறிப்போடு.

8. சேமிக்கும் முன் இன்னும் கொஞ்சம்

எடுத்துக்காட்டு வாக்கியத்தில் உண்மையான வழக்கின் ஆட்களை இழுக்காதீர்கள், "வாதி", "வீட்டு உரிமையாளர்" போதும். தீர்ப்பு வரும்வரை "குற்றம் சாட்டப்பட்டவர்"தான், "குற்றவாளி" அல்ல. "வழக்கறிஞரை அணுகவும்", "ஏமாறாதீர்கள்" போன்ற அறிவுரை அகராதியில் எதற்கு?

காப்புரிமை விஷயத்தில் தளர்வு வேண்டாம். சட்டப் பிரிவின் வாசகத்தை உங்கள் விளக்கத்தோடு சேர்த்துப் போட 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஒரு பதிப்பகம் போட்ட சட்ட அகராதியின் வரையறையை அப்படியே எடுத்துப்போட அது இடம் தராது. விக்சனரியில் எழுதுவதை யார் வேண்டுமானாலும் எடுத்து விற்கவும் செய்யலாம் என்ற உரிமத்தில்தான் எழுதுகிறோம், அடுத்தவர் உழைப்பை அந்த உரிமத்தில் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

இன்னொருவர் எழுதிய வரையறை தவறு என்று தோன்றினால், அழித்துவிட்டுப் போகாமல், அந்தச் சொல்லின் பேச்சுப் பக்கத்தில், அதாவது எழுதுகிறவர்கள் விவாதிக்கும் பக்கத்தில், பிரிவு எண்ணோடு எழுதுங்கள். பெரும்பாலான சண்டைகளில் இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். ஒருவர் மதுரையில் இருந்துகொண்டு ஒத்தியைப் பற்றிப் பேசுவார், இன்னொருவர் யாழ்ப்பாணத்தில் ஒற்றியைப் பற்றிப் பேசுவார். எண் 1, எண் 2 என்று இரண்டையும் எழுதி, நாட்டுக் குறிப்புப் போட்டு, தொகுப்புச் சுருக்கத்தில் (என்ன மாற்றினோம் என்று சேமிக்கும்போது எழுதும் குறிப்பு) எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவைப் பார்த்து எழுதினீர்கள் என்று ஒரு வரி சேர்த்துச் சேமித்துவிடுங்கள்.